ஒழுங்கில்லாத சாலகத்தில குவாண்டம் நிலைகள்: லப்டொப்பில செஞ்சு பாத்து விளங்கிக்கொள்ள முழு வழிகாட்டி

பௌதிகவியல் ஸ்பெஷல் செய்யிற பிள்ளையளோட கதைக்கேக்க திரும்பத் திரும்ப வாற கேள்வி ஒண்டு இருக்கு. சுப்பர்ஃபுளூயிட் (உராய்வில்லாமல் ஓடுறது), டொப்பொலொஜிக்கல் காவலி (உள்ளுக்குள்ள கடத்தாமல் கரையில விசேட நிலை வைச்சிருக்கிறது), ஸ்பின் லிக்விட் (கடும் குளிரிலயும் ஸ்பின்கள் ஒழுங்குக்கு வராதது) எண்டு எல்லாத்தையும் துப்பரவான சாலகத்தில, அதாவது அணுக்கள் பிசகாமல் அடுக்கின வலையில, வைச்சுத்தான் படிப்பிக்கினம், ஆனா உண்மையான பளிங்கில மாசு இருக்கும், அணு இடம் மாறி இருக்கும், அப்ப இந்த நிலையெல்லாம் நிண்டுபிடிக்குமோ? ஒரு சொல்லில மறுமொழி சொல்லேலாது. ஒழுங்கின்மை சில நிலையைக் கொல்லும், சிலதைக் காப்பாத்தும், சிலதைப் புதுசாவே உண்டாக்கும்.

காப்பாத்துறதுக்கு நல்ல உதாரணம் 1980ல வொன் கிளிட்ஸிங் கண்ட குவாண்டம் ஹோல் விளைவு. ஹோல் தடை (காந்தப்புலத்தில மின்னோட்டத்துக்குக் குறுக்கா அளக்கிற தடை) 25812.8 ஓமை முழு எண்ணால பிரிச்ச பெறுமானங்களில மேடை மேடையா நிக்குது, காந்தப்புலத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைச்சாலும் அசையிறேல்ல. அந்த மேடைக்கு அகலம் குடுக்கிறதே மாசுதான்: லண்டாவ் மட்டங்களுக்கு (காந்தப்புலத்தில இலத்திரனுக்குக் கிடைக்கிற சக்திப் படிகள்) இடைப்பட்ட சக்தியில இருக்கிற இலத்திரன்கள் மாசில மாட்டுப்பட்டு ஒரே இடத்தில நிக்கிறதால அதுகள் மின்னோட்டத்துக்கு உதவுறேல்ல. மாசே இல்லாத மாதிரியில மேடையே வராது, தடை நேர்கோடா ஏறிக்கொண்டு போகும்.

அதால இந்த வழிகாட்டி முழுக்க நான் வலியுறுத்தப் போறது ஒண்டைத்தான். மாசு எவ்வளவு எண்டு கேக்கிறதுக்கு முதல், அது எதில பிடிக்குது, நான் எந்தச் சராசரியை எடுக்கிறன் எண்டு கேளுங்கோ. இந்த ரெண்டு கேள்வியையும் விட்டிட்டுக் கம்பியூட்டரை ஓட்டினா வடிவான கலர்ப் படம் வரும், விளக்கம் வராது.

ஆயத்தம்

பெரிய மெஷின் ஒண்டும் தேவையில்ல. பைத்தன், அதில நம்பை, சைப்பை, படம் கீற மட்பிளொட்லிப், இவ்வளவும் காணும், எல்லாம் இலவசம். 1000க்கு 1000 மெய்யெண் தாயம் ஒண்டு மெமரியில 8 மெகாபைற், 4000க்கு 4000 எண்டால் 128 மெகாபைற், அதால சாதாரண லப்டொப்பே தாராளம். ஒரு பழக்கத்தை மட்டும் முதல் நாளே பழகுங்கோ: ஒவ்வொரு எழுமாற்று மாதிரியும் முடிய முடிய அதின்ர சீட் எண்ணோட (எழுமாற்று எண்களைத் தொடக்கி வைக்கிற எண்) முடிவை ஃபைலில எழுதுங்கோ. இரவு முழுக்க ஓடவிட்டிட்டுப் படுத்தால் விடியப்புறம் கரண்ட் போகும், பற்றரி இறங்கும், அப்ப எல்லாத்தையும் மெமரியில வைச்சிருந்தா ஒண்டும் மிஞ்சாது. சீட் எண் இருந்தா விட்ட இடத்தில இருந்து தொடங்கலாம், சந்தேகமான மாதிரியைத் திருப்பி உருவாக்கியும் பாக்கலாம்.

படி 1: என்ன வகை ஒழுங்கின்மை எண்டு எழுதி வையுங்கோ

இதை எல்லாரும் ஒரு வரியில தாண்டிப் போவினம், ஆனா பாதி வேலை இதிலதான் கிடக்கு. ஒவ்வொரு புள்ளியின்ர சக்தியும் எழுமாறா மாறுதோ, அல்லது புள்ளிக்குப் புள்ளி தாவுற வலிமை மாறுதோ, அல்லது சில புள்ளியே இல்லாமல் ஓட்டையா இருக்கோ? கடைசி வகை எண்டால் பேர்கொலேசன் கணக்கும், அதாவது மிஞ்சின புள்ளிகளால தொடர்ச்சியான பாதை இருக்கோ எண்ட கணக்கும், உள்ள வந்திடும். சதுரச் சாலகத்தில 59.3 வீதத்துக்குக் குறைவான புள்ளிதான் மிஞ்சியிருக்கு எண்டால் ஒரு கரையில இருந்து மற்றக் கரைக்குப் பாதையே இல்லை, அதுக்குப் பிறகு குவாண்டம் கதை கதைச்சுப் பிரயோசனமில்ல.

அடுத்தது சமச்சீர். ஒழுங்கின்மை எந்தச் சமச்சீரை உடைக்குது, எதை விட்டு வைக்குது எண்டு பாருங்கோ. தாவலில மட்டும் ஒழுங்கின்மை போட்டா கைரல் சமச்சீர் (ஒவ்வொரு நேர்ச் சக்திக்கும் அதே அளவு மறைச் சக்தி சோடியா வாறது) தப்பும், புள்ளிச் சக்தியில போட்டா அது போயிடும், ஒரே அளவு வலிமைதான் போட்டனீங்கள் எண்டாலும் விளைவு தலைகீழா இருக்கும்.

ஒரு மாசு இருக்கிற இடம் மற்ற மாசு இருக்கிற இடத்தோட தொடர்புபட்டிருக்கோ எண்டும் பாக்கோணும். 1990ல டன்லப், வூ, பிலிப்ஸ் மூண்டு பேரும் காட்டினது: மாசு எப்பவும் சோடி சோடியா வந்தா, ஒற்றைப் பரிமாணத்தில கூட சில சக்தியில அலை தடையில்லாமல் போகும்.

படி 2: அண்டர்சன் சங்கிலியில தொடங்குங்கோ

பிலிப் அண்டர்சன் 1958ல எழுதின கட்டுரையில இருந்துதான் இந்தத் துறையே தொடங்குது, 1977ல மொட், வான் விளெக் ரெண்டு பேரோடயும் சேத்து நோபல் குடுத்தவை. அவற்ற மாதிரியை நீங்கள் பத்துப் பதினைஞ்சு வரியில எழுதலாம். 1000 புள்ளி ஒரு நேர்கோட்டில, பக்கத்துப் புள்ளிக்குத் தாவுற வலிமை 1, மூலைவிட்டத்தில ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு எழுமாற்று எண், அதின்ர முழு அகலத்தைத்தான் ஒழுங்கின்மை வலிமை எண்டுறம். அகலம் 2 எண்டால் எண்கள் மறை 1ல இருந்து நேர் 1 வரை. தாயத்தின்ர ஐகன் பெறுமானமும் ஐகன் காவியும் எடுங்கோ.

ஒவ்வொரு காவியிலயும் உறுப்புகளை நாலாம் அடுக்குக்கு உயர்த்திக் கூட்டுங்கோ. இதைத் தலைகீழ் பங்கேற்பு விகிதம் எண்டுவினம். அலை எல்லாப் புள்ளியிலயும் சமனாப் பரவி இருந்தா 1000ல ஒரு பங்கு வரும், ஒரே புள்ளியில குவிஞ்சா 1 வரும். இந்த ஒரு எண்ணே கன விசயம் சொல்லும்.

இதில ஒரு பொறி இருக்கு. பட்டையின்ர (ஐகன் சக்திகள் பரவிக் கிடக்கிற வீச்சின்ர) நடுவில உள்ளடங்கல் நீளம், அதாவது அலை அடங்கி நிக்கிற இடத்தின்ர அளவு, கிட்டத்தட்ட 105ஐ ஒழுங்கின்மை வலிமையின்ர வர்க்கத்தால பிரிச்சு வாற அளவு புள்ளி. வலிமை 3 எண்டால் பன்னிரண்டு புள்ளிக்குள்ள அலை அடங்கீடும், 1 எண்டால் நூறு சொச்சம், 0.5 எண்டால் நானூறைத் தாண்டும். ஆக, 100 புள்ளிச் சங்கிலியில 0.5 வலிமை போட்டுப் பாத்தா அலை நல்லாப் பரவி இருக்கிற மாதிரித்தான் தெரியும், உலோகம் எண்டு எழுதிப்போடுவியள், ஆனா ஒற்றைப் பரிமாணத்தில இந்த வகை எழுமாற்று மாசு எவ்வளவு சின்னனா இருந்தாலும் எல்லா நிலையும் உள்ளடங்கினதுதான், உங்கட பெட்டி சின்னன் எண்டதால தெரியேல்ல. அதால 200, 400, 800, 1600 எண்டு நீளத்தை ரெண்டு மடங்காக் கூட்டிக்கொண்டு போய், பங்கேற்பு விகிதம் நீளத்தோட குறைஞ்சுகொண்டே போகுதோ அல்லது ஒரு இடத்தில நிக்குதோ எண்டு பாருங்கோ. நிண்டால் உள்ளடங்கினது.

நீளத்தைக் கூட்டேக்க என்ன நடக்குது எண்ட இந்தக் கேள்வியைத்தான் 1979ல ஏபிரகாம்ஸ், அண்டர்சன், லிசியார்டெல்லோ, ராமகிருஷ்ணன் நாலு பேரும் அளவீட்டுக் கொள்கையா எழுதினவை. ராமகிருஷ்ணன் சென்னையில பிறந்தவர், அந்தப் பேரைப் பாக்கேக்க எனக்கு எப்பவும் ஒரு சந்தோசம். அவை சொன்னதின்ர சாரம்: காந்தப்புலமும் ஸ்பின் சுற்றுப்பாதைப் பிணைப்பும் (இலத்திரனின்ர ஸ்பின்னும் அதின்ர ஓட்டமும் ஒண்டையொண்டு பாதிக்கிறது) இல்லாட்டி ஒண்டு, ரெண்டு பரிமாணத்தில உலோகம் எண்டு ஒண்டு இல்லை, மூண்டில மட்டும் உண்மையான மாற்றம் இருக்கு. கன சதுரச் சாலகத்தில, பட்டை நடுவில, அந்த மாற்றம் வலிமை 16.5 அளவில வரும்.

படி 3: எந்தச் சராசரி?

இதில நிண்டு நிதானமா வாசியுங்கோ. பத்து மாதிரி எடுத்து மின் கடத்தலைக் கணிக்கிறியள் எண்டு வைப்பம். ஒன்பதில 0.0001 வந்தது, ஒண்டில தற்செயலா அலை ஒரு இடைவழி பிடிச்சு 0.5 வந்தது. சாதாரண சராசரி 0.05. ஒன்பது மாதிரி சொல்லுறதை விட ஐந்நூறு மடங்கு பெரிசு, பத்தில ஒரு மாதிரியும் அந்தப் பெறுமானத்துக்குக் கிட்டவும் இல்லை. மடக்கை எடுத்துச் சராசரி பாத்துத் திருப்பி அடுக்கேத்தினா 0.00023 வரும், அதுதான் வழமையான மாதிரி ஒண்டின்ர கதை.

உள்ளடங்கின நிலையில கடத்தல் புள்ளிக்குப் புள்ளி பெருக்கலாத்தான் குறையுது, அதால மடக்கைதான் ஒழுங்கா நோமல் பரம்பலுக்கு வரும், கடத்தல் வராது. எந்த அளவை எடுத்தாலும் முதல் ஹிஸ்டொகிராம் கீறுங்கோ. வால் நீளமா இருந்தா சாதாரண சராசரியையும் மடக்கைச் சராசரியையும் இடையத்தையும் மூண்டையும் சேத்துக் குடுங்கோ. ஒரே ஒரு மாதிரியின்ர கலர்ப் படத்தை மட்டும் போட்டு முடிவு சொல்லுற கட்டுரையை நான் நம்புறேல்ல, நீங்களும் நம்ப வேண்டாம்.

படி 4: கோட் சரியோ எண்டு ஒபிறி-அண்ட்ரேயில சோதியுங்கோ

எழுமாற்று எண்ணுக்குப் பதிலா மூலைவிட்டத்தில ஒரு கோசைன் அலையை வையுங்கோ, அதின்ர அலைநீளம் சாலகத்தோட எப்பவும் பொருந்தாமல் பொன் விகிதத்தில இருக்கோணும். 1980ல ஒபிறியும் அண்ட்ரேயும் காட்டினபடி கோசைனின்ர வீச்சு தாவலின்ர ரெண்டு மடங்கைத் தாண்டின உடன எல்லா நிலையும் ஒரேயடியா உள்ளடங்கும், அதுக்குக் கீழ எல்லாம் பரவினது. 610 புள்ளி எடுத்து 377ஐ 610ஆல பிரிச்ச எண்ணைப் பொன் விகிதத்துக்குப் பதிலாப் போடுங்கோ, விளிம்பு ஒழுங்காப் பொருந்தும். வீச்சு 3 எண்டால் உள்ளடங்கல் நீளம் 1.5 இன்ர இயற்கை மடக்கையின்ர தலைகீழ், அதாவது 2.47 புள்ளி. உங்கட கோட் இதைத் தரேல்ல எண்டால் மேல போகாதேங்கோ.

2008ல இத்தாலியில புளோரன்ஸ் குழு பொற்றாசியம் 39 அணுக்களை லேசர்ச் சாலகத்தில வைச்சு இதையே நேரில காட்டினவை. அதே வருசம் பிரான்சில அஸ்பேக்கின்ர குழு ரூபிடியம் 87ஐ லேசர்ப் புள்ளிக்கோலத்தில விட்டு அண்டர்சன் உள்ளடங்கலைக் கண்டவை.

படி 5: ஓட்ட முதல் பேப்பரில ரெண்டு கணக்கு

ஒரு மாற்றப்புள்ளிக்கு (ஒரு நிலை இன்னொரு நிலையா மாறுற இடம்) கிட்ட சின்ன ஒழுங்கின்மை போட்டா என்னாகும் எண்டதை 1974ல ஹரிஸ் சொன்ன விதியால பாக்கலாம். பரிமாணத்தைத் தொடர்பு நீள அடுக்கால (மாற்றப்புள்ளியை நெருங்கேக்க தொடர்பு நீளம் எவ்வளவு வேகமா வளருது எண்டு சொல்லுற எண்) பெருக்குங்கோ, 2ஐ விடக் கூட எண்டால் மாற்றம் தப்பும், குறைய எண்டால் அதின்ர தன்மையே மாறும். குவாண்டம் மாற்றத்துக்கு வெளிப் பரிமாணத்தை மட்டும்தான் எண்ணோணும், ஏனெண்டால் மாசு நேரத்தோட மாறுறேல்ல, நேரத் திசையில ஒரே கோடா நீண்டு கிடக்குது. குறுக்குப் புல ஐசிங் சங்கிலியில (மேல் அல்லது கீழ் பாக்கிற ஸ்பின்கள் வரிசையா, அதுக்குக் குறுக்கா ஒரு காந்தப்புலம்) பரிமாணம் 1, அடுக்கு 1, பெருக்கினா 1, ஆகவே துப்பரவான மாற்றம் தப்பாது. 1990களின்ர நடுப்பகுதியில டானியல் ஃபிஷர் இதுக்கு முழு விடை எழுதினவர், அதிலயும் சாதாரண சராசரித் தொடர்புக்கு ஒரு அடுக்கு 2, வழமையான மாதிரிக்கு இன்னொரு அடுக்கு 1. படி 3ல சொன்னது இஞ்சயும் வந்து நிக்குது பாருங்கோ.

மற்றது 1975ல இம்றியும் மாவும் சொன்னது: ஒழுங்கு அளவுருவோட (எவ்வளவு ஒழுங்கு இருக்கு எண்டு அளக்கிற எண்) நேரடியாப் பிடிக்கிற எழுமாற்றுப் புலம் ஒண்டு இருந்தா, ஐசிங் மாதிரியான ஒழுங்கு ரெண்டு பரிமாணத்திலயே உடைஞ்சிடும், தொடர்ச்சியான சமச்சீர் எண்டால் நாலு பரிமாணம் வரைக்கும் நிக்காது. இணைப்பில மட்டும் பிடிக்கிற மாசுக்கு இந்தக் கொடுமை இல்லை.

படி 6: ஒழுங்கின்மை உண்டாக்கிற டொப்பொலொஜி

எனக்கு இந்த வழிகாட்டியில ஆகப் பிடிச்ச படி இதுதான், ஒரு பேனையும் கல்குலேற்றரும் காணும். எஸ்எஸ்எச் (சூ, ஷ்ரீஃபர், ஹீகர் மூண்டு பேரின்ர பேர்) சங்கிலி எண்டால் புள்ளிகள் சோடி சோடியா இருக்கும், சோடிக்குள்ள ஒரு தாவல், அதை உள் இணைப்பு எண்டு சொல்லுவம், சோடிக்கும் அடுத்த சோடிக்கும் இடையில வெளி இணைப்பு. துப்பரவான சங்கிலியில உள் இணைப்பு சின்னன் எண்டால் சங்கிலியின்ர கரையில பூச்சிய சக்தி நிலை ஒண்டு இருக்கும், உள் இணைப்பு பெரிசு எண்டால் இருக்காது.

அந்தக் கரை நிலையை நேராக் கட்டிப் பாருங்கோ. சக்தி பூச்சியம் எண்டு போட்டா, ஒரு சோடியில இருந்து அடுத்த சோடிக்குப் போகேக்க அலையின்ர பெறுமானம் உள் இணைப்பை வெளி இணைப்பால பிரிச்ச விகிதத்தால பெருக்குப்படும், அடையாளமும் மாறும். ஒழுங்கின்மை வந்தாலும் இதே விதிதான், விகிதம் மட்டும் சோடிக்குச் சோடி வேற. பெருக்கம் எண்டதால மடக்கையைக் கூட்டுங்கோ. உள் இணைப்பு மடக்கையின்ர சராசரி வெளி இணைப்பு மடக்கையின்ர சராசரியை விடக் குறைவு எண்டால் அலை உள்ள போகப் போகத் தேயும், கரையில குந்தியிருக்கும், சங்கிலி டொப்பொலொஜிக்கல்.

இப்ப வெளி இணைப்பு எல்லாம் 1, உள் இணைப்பு 1.2 எண்டு வையுங்கோ. துப்பரவா இருக்கேக்க இது சாதாரண காவலி. இனி உள் இணைப்பை 0க்கும் 2.4க்கும் இடையில எழுமாறா எடுங்கோ, சாதாரண சராசரி இப்பவும் அதே 1.2. மடக்கைச் சராசரி? 2.4 இன்ர இயற்கை மடக்கையில இருந்து 1ஐக் கழிக்கோணும், மறை 0.125 வரும். மறை! காவலி டொப்பொலொஜிக்கலா மாறீற்றுது, மாத்தினது ஒழுங்கின்மை மட்டும்தான்.

லப்டொப்பில செய்யேக்க நீளத்தைக் கவனியுங்கோ. இந்தப் பரம்பலில மடக்கையின்ர நியம விலகல் 1, அதால 200 சோடியில கூட்டுத்தொகை மறை 25, அதின்ர சிதறல் 14, நூறு மாதிரி எடுத்தா நாலு மாதிரி அளவில எதிர்ப்பக்கம் காட்டும். 1000 சோடிக்குப் போங்கோ, மறை 125க்குச் சிதறல் 32தான். இன்னொண்டு, சக்தி இடைவெளி மூடியிருக்கு எண்டு பாத்துப் பயப்படாதேங்கோ. உள் இணைப்பு 0க்குக் கிட்ட வாற இடங்கள் சங்கிலிக்குள்ளயும் பூச்சியத்துக்குக் கிட்ட நிலைகளை உண்டாக்கும், ஆனா அதுகள் உள்ளடங்கினதுகள், டொப்பொலொஜிக்கு ஒண்டும் செய்யாது. இடைவெளியை அளவுகோலா வைச்சால்தான் பிழைக்கும். பிறகு புள்ளிச் சக்தியிலயும் கொஞ்சம் எழுமாறு போட்டுப் பாருங்கோ, கைரல் சமச்சீர் உடையும், கரை நிலை பூச்சியத்தில நிக்காது. படி 1 ஏன் முக்கியம் எண்டு கண்ணால காண்பியள்.

டொப்பொலொஜிக்கல் அண்டர்சன் காவலி எண்ட எண்ணம் 2009ல ரெண்டு பரிமாண மாதிரியில லீ, சூ, ஜெயின், ஷென் எண்ட நாலு பேரிட்ட இருந்து வந்தது. 2018ல குளிர் அணு வயரிலயும், அதே வருசம் ஒளி வழிச் சாலகத்திலயும் செஞ்சு காட்டீற்றினம்.

படி 7: போஸ் கிளாஸ்

ஒண்டையொண்டு தள்ளுற போசோன்களை (ஒரே நிலையில எத்தினையும் சேரக்கூடிய துணிக்கைகள்) சாலகத்தில வைச்சா, தாவல் பெரிசு எண்டால் சுப்பர்ஃபுளூயிட், தள்ளல் பெரிசு எண்டால் துணிக்கைகள் தங்கட தங்கட புள்ளியிலயே நிக்கிற மொட் காவலி. சதுரச் சாலகத்தில புள்ளிக்கு ஒரு துணிக்கை எண்டால் தள்ளல் தாவலின்ர 16.7 மடங்கில மாற்றம், கன சதுரத்தில 29.3. ஒழுங்கின்மை வந்த உடன இடையில மூண்டாவது நிலை ஒண்டு புகுந்திடும், 1988ல ஜமார்ச்சியும் ஷுல்ஸும் ஒற்றைப் பரிமாணத்துக்கும், 1989ல மத்தியூ ஃபிஷரும் கூட்டாளிகளும் பொதுவாவும் எழுதின போஸ் கிளாஸ்.

கார்த்திகை மழைக்கு வலிகாமத்துத் தாழ்வான காணியெல்லாம் தண்ணி நிக்கும், ஒவ்வொரு பள்ளத்துக்குள்ளயும் தண்ணி அலையும், ஆனா ஒரு பள்ளத்தில இருந்து மற்றதுக்கு ஓட வழியில்ல. போஸ் கிளாஸும் அப்பிடித்தான், உள்ளுக்குள்ள சுப்பர்ஃபுளூயிட் துண்டுகள் இருக்கு, ஒண்டோடொண்டு தொடுப்பு இல்லை. அதால அடையாளம் காண ரெண்டு அளவு சேத்துப் பாக்கோணும்: சுப்பர்ஃபுளூயிட் அடர்த்தி பூச்சியம், ஆனா அமுக்கினா அமுங்கும். மொட் காவலி அமுங்காது, வித்தியாசம் அதுதான். 2009ல பொலே, புறொக்கொஃபியெவ், ஸ்விஸ்துனோவ், துறோயர் காட்டினது இன்னும் வலுவானது: எவ்வளவு சின்ன ஒழுங்கின்மையா இருந்தாலும் மொட்டில இருந்து சுப்பர்ஃபுளூயிட்டுக்கு நேராப் போகேலாது, இடையில கிளாஸ் கட்டாயம் வரும். எழுமாற்றுச் சக்தியின்ர அரை அகலம் மொட் இடைவெளியின்ர பாதியைத் தாண்டின உடன மொட் முடிஞ்சுது.

8 புள்ளியில 8 போசோன் எண்டால் 6435 நிலை, லப்டொப் தாங்கும். 12ல 12 எண்டால் 13 லட்சத்தைத் தாண்டும், அதுக்கு, முழுத் தாயத்தையும் தீர்க்காமல் சில ஐகன் நிலையை மட்டும் எடுக்கிற லன்சோஸ் முறை வேணும். ஆனா உண்மையைச் சொல்லோணும், அரிதான துண்டுகள்தான் இந்த நிலையைத் தீர்மானிக்கிறதால 8 புள்ளியில போஸ் கிளாஸ் கண்டன் எண்டு சொல்லேலாது. பெரிய அளவுக்குக் குவாண்டம் மொன்ரி கார்லோ (எழுமாறா மாதிரி எடுத்துக் கணிக்கிற முறை), அதிலயும் வோர்ம் எண்ட வகை, அதைப் படியுங்கோ.

படி 8: ஸ்பின் லிக்விட் எண்டு காணேக்க அவசரப்படாதேங்கோ

ஸ்பின் லிக்விட் இருக்கும் எண்டு தேடுற ஹேர்பேர்ட்ஸ்மிதைற் பளிங்கில சிங்க் இருக்கவேண்டிய இடத்தில சுமார் 15 வீதம் செப்பு போய் இருக்கும், குறைஞ்ச சக்தியில அளக்கிறதில அந்தச் செப்பின்ர பங்கு கலந்துதான் வரும். இற்றேர்பியம், மக்னீசியம், காலியம், ஒட்சிசன் சேந்த முக்கோணச் சாலகப் பொருள் ஒண்டில மக்னீசியமும் காலியமும் ஒரே இடத்தை எழுமாறாப் பங்குபோடுதுகள், அந்த ஒழுங்கின்மையே நியூத்திரன் சிதறலில ஸ்பின் லிக்விட் மாதிரியே அகலமான தொடர்ச்சியைத் தரலாம் எண்டு 2017ல காட்டினவை. மறுபக்கம், ஸ்பின் லிக்விட் தாற கிட்டயேவின்ர தேன்கூட்டு மாதிரியில ஒரு புள்ளியை எடுத்துவிட்டா அந்த ஓட்டை ஒரு பாயத்தை (வளையத்துக்குள்ள மாட்டுப்பட்ட, காந்தப்பாயம் மாதிரியான ஒண்டை) தன்னோட கட்டி வைச்சிருக்கும், அப்ப ஓட்டையே உள்ள இருக்கிற நிலையைக் காட்டிற கருவி.

படி 9: பல துணிக்கை உள்ளடங்கல்

துணிக்கைகள் ஒண்டோடொண்டு மோதேக்கயும் உள்ளடங்கல் நிக்குமோ? 2006ல பாஸ்கோ, அலைனர், அல்ட்ஷுலர் நிக்கும் எண்டு வாதிட்டவை, 2015ல மியூனிக் குழு பொற்றாசியம் 40ல அதின்ர அறிகுறியைக் கண்டவை.

ஹைசன்பேர்க் ஸ்பின் சங்கிலியை (பக்கத்துப் பக்கத்து ஸ்பின்கள் ஒண்டையொண்டு பிடிக்கிற வரிசை) எடுத்து ஒவ்வொரு ஸ்பினுக்கும் எழுமாற்றுப் புலம் போடுங்கோ. மொத்தச் சுழற்சி பூச்சியமான பிரிவில 12 ஸ்பினுக்கு 924 நிலை, 14க்கு 3432, 16க்கு 12870. 16 எண்டால் தாயம் மட்டும் 1.3 கிகாபைற், அதால 14ஓட நிண்டு கூட மாதிரி எடுங்கோ. பட்டை நடுவில இருந்து மூண்டில ஒரு பங்கு சக்தி மட்டத்தை எடுத்து, அடுத்தடுத்த ரெண்டு இடைவெளியில சின்னதைப் பெரிசால பிரிச்சுச் சராசரி பாருங்கோ. 0.53 வந்தா மட்டங்கள் ஒண்டையொண்டு தள்ளுது, வெப்பச் சமநிலைக்குப் போற நிலை. 0.386 வந்தா ஒண்டுக்கொண்டு தொடர்பில்ல, உள்ளடங்கினது.

8, 10, 12, 14 ஸ்பினுக்கு இந்தச் சராசரியைப் புலத்தின்ர வலிமைக்கு எதிராக் கோடு கீறினா ஒண்டையொண்டு வெட்டும். 2015ல 22 ஸ்பின் வரைக்கும் போய், புலத்தின்ர அரை அகலம் 3.7 அளவில மாற்றம் எண்டு மதிப்பிட்டவை. ஆனா பெரிய சங்கிலியில எங்கயோ ஒரு மாசு குறைஞ்ச துண்டு பக்கத்தை எல்லாம் இளக்கிக்கொண்டு பனிச்சரிவு மாதிரிப் பரவும் எண்ட வாதம் 2017ல வந்தது, 2019க்குப் பிறகு இந்த மாற்றம் முடிவில்லாத நீளத்தில உண்மையிலயே இருக்கோ எண்டே விவாதம் பெருத்துப்போச்சு. அதால வெட்டுப்புள்ளி எண்டு ஒரே எண்ணை எழுதாதேங்கோ. 8ம் 10ம் எங்க வெட்டுது, 10ம் 12ம் எங்க, 12ம் 14ம் எங்க எண்டு தனித்தனியா எடுத்து, நீளத்தின்ர தலைகீழுக்கு எதிராக் குறியுங்கோ. புள்ளிகள் கூடின ஒழுங்கின்மைப் பக்கம் நகந்துகொண்டே போகும். அந்த நகர்வையும், ஒவ்வொரு புள்ளிக்கும் எத்தினை மாதிரி எடுத்தனீங்கள் எண்டதையும், பிழை எல்லையையும் அப்பிடியே அறிக்கையில போடுங்கோ.